அரிய நரம்பியல் நோய் ஆய்வு: நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் திட்டம் எழுதும்போதே சேர்ப்பது எப்படி? (திருகோணமலை மாவட்டம்)

உவர்மலைக்காற்று

எல்லாருக்கும் வணக்கம்.

திருகோணமலை மாவட்டத்தில் டுஷேன் தசைச் சிதைவு (பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் தசை படிப்படியாகப் பலவீனமாவது), பரம்பரை அட்டாக்சியா (நடை, கை, பேச்சின் ஒருங்கிணைப்புக் குலைவது), மோட்டார் நியூரோன் நோய் (தசையை இயக்கும் நரம்புகள் அழிவது) ஆகிய மூன்றில் ஒன்றோடு வாழும் குடும்பங்களைப் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் தயாராகிறது. மருந்துப் பரிசோதனை இல்லை. 12 மாதம் பின்தொடர்ந்து நோய் எப்படிப் போகிறது, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு என்ன சுமை என்று பதிவது மட்டும்தான். டுஷேனுக்கு 6 நிமிட நடை, அட்டாக்சியாவுக்கு ஒருங்கிணைப்பை அளக்கும் சாரா அளவுகோல், மோட்டார் நியூரோனுக்கு அன்றாடச் செயற்பாட்டை அளக்கும் ஏ.எல்.எஸ்.எப்.ஆர்.எஸ்-ஆர் என்ற கேள்விப் பட்டியல் என்று போட்டிருக்கிறோம்.

நெறிமுறைக் குழுப் படிவத்தில் "ஆய்வை வடிவமைப்பதில் நோயாளிகளின் பங்கு என்ன" என்று ஒரு கட்டம். அதில் "20 குடும்பங்களிடம் கேள்விக்கொத்து நிரப்பப்படும்" என்று எழுதினோம். மேற்பார்வையாளர் அதைச் சிவப்பால் வெட்டிவிட்டார்.

எத்தனை பேரை, எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது? அந்தக் கூட்டத்துக்கே நெறிமுறை அனுமதி வேணுமா? பேச்சுப் போன ஒருவரிடம் எப்படிக் கருத்துக் கேட்பது? ஆட்கள் குச்சவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று பரந்து இருக்கிறார்கள். காசும் கொஞ்சம்தான்.

குளக்கோட்டன்

மேற்பார்வையாளர் வெட்டியது சரிதான். கேள்விக்கொத்து நிரப்புபவர் தரவு தருகிறார். ஆலோசனை சொல்பவர் எந்தத் தரவை எடுப்பது என்பதையே மாற்றுகிறார். ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம், ஆனால் பத்திரத்தில் இரண்டும் வேறு வேறாக இருக்கவேணும்.

முதல் கூட்டம் நெறிமுறை விண்ணப்பம் போவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன். முழுத் திட்டத்தையும் கொண்டுபோகாதீர்கள், ஒரு பக்கம் போதும். அதில் மூன்று இடத்தை வெற்றாக விடுங்கள்: எதை அளப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே வைத்து. மாற்ற முடியாதவற்றையும் (காசு, 12 மாதம், ஆட்களின் எண்ணிக்கை) அதே பக்கத்தில் எழுதுங்கள். எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டுத் தலையாட்டச் சொன்னால், இரண்டாவது கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

எதை அளப்பது என்ற இடம்தான் முக்கியம். டுஷேன் மருந்துப் பரிசோதனைகளில் கனகாலமாக 6 நிமிட நடைதான் பிரதான அளவாக இருந்தது. அப்படியென்றால் நடை நின்ற பிள்ளை ஆய்வுக்குள்ளேயே வரமாட்டான். அந்த வயதுப் பையனுக்கு வேண்டியது கையை வாய்க்குக் கொண்டுபோவது, போனைப் பிடிப்பது, சக்கர நாற்காலியின் விசையை நகர்த்துவது. கைச் செயற்பாட்டை அளக்கும் பி.யு.எல். என்ற அளவுகோல் இந்த ஓட்டையை அடைக்க வந்தது, அதை உருவாக்கும்போது குடும்பங்களிடமும் கேட்டார்கள். உங்கள் திட்டத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. நடக்காத பிள்ளைகளுக்கு என்ன அளவு என்று ஒரு வரிகூட நீங்கள் சொல்லவில்லை.

அமெரிக்காவில் டுஷேன் பெற்றோர் தொடங்கிய பேரன்ட் புரொஜெக்ட் மஸ்குலர் டிஸ்ட்ரபி என்ற அமைப்பு 2014இல் மருந்துக் கம்பனிகளுக்கான வழிகாட்டி வரைவு ஒன்றைத் தானே முன்னின்று தயாரித்து அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எப்.டி.ஏ.விடம் கொடுத்தது. அதோடு பெற்றோரிடம் ஒரு கணக்கெடுப்பும் நடந்தது. ஆயுளை நீட்டாவிட்டாலும் தசை பலவீனத்தை மெதுவாக்கினால் போதும், அதற்காகப் பாரதூரமான ஆபத்தையும் ஏற்போம் என்பது அதில் வந்த பதில். ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு இதை ஊகிக்க ஏலாது.

நெறிமுறை அனுமதி: திட்டத்தைத் திருத்துவதற்கான ஆலோசனைக் கூட்டத்துக்குப் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் ஒலிப்பதிவு செய்து, பிறகு கட்டுரையில் "ஒரு தாய் சொன்னார்" என்று மேற்கோள் போட்டால் அது தரவாகிவிடும், அதற்கு அனுமதி வேணும். பல பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் குழுவின் செயலாளரிடம் (கிழக்குப் பல்கலைக்கழக சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலோ யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலோ) முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கிளினிக் வழியாக ஆட்களைத் தொடர்புகொள்வதென்றால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் அனுமதி வேறு. மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான உலக ஆவணமான, 2024 ஒக்டோபரில் திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம் ஆய்வுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் பங்கேற்பாளரோடும் சமூகத்தோடும் அர்த்தமுள்ள ஈடுபாடு வேணும் என்கிறது. படிவத்தின் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது இதைச் சுட்டலாம்.

எண்ணிக்கை: ஆறு அல்லது ஏழு பேர். ஒவ்வொரு நோய்க்கும் குறைந்தது ஒரு நோயாளியும் ஒரு பராமரிப்பவரும், முடிந்தால் வேறு வேறு வீட்டிலிருந்து. மோட்டார் நியூரோனில் ஆளை இழந்த ஒரு பராமரிப்பவரையும் சேருங்கள், கடைசி மாதங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர் அவர்தான். ஆனால் துக்கம் ஆறாத வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள்.

அழைப்பு சிகிச்சை தரும் டொக்டரிடமிருந்து வரக்கூடாது. அவர் கேட்டால் மறுக்க முடியாது என்றுதான் சனம் நினைக்கும்.

பாலையூற்று

நான் உடம்பு சம்பந்தப்பட்ட பக்கத்தை மட்டும் சொல்றன். கூட்டங்கள் குழம்புறது பெரும்பாலும் இதாலதான்.

இடம்: படி இல்லாத மண்டபம். ஒரு படி 15 சென்ரிமீற்றர் உயரமெண்டா சாய்தளம் 180 சென்ரிமீற்றர் நீளம் வேணும், ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. பலகையைச் சாத்திப்போட்டு "சரி, தள்ளுங்கோ" எண்டா கதிரை பின்னுக்குச் சரியும். கழிப்பறைக் கதவின்ர அகலத்தை நீங்களே டேப் பிடிச்சு அளவுங்கோ, 80 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சா சக்கர நாற்காலி உள்ள போறது கஷ்டம். பைபாப் (மூச்சுக்கு உதவுற மெஷின்), சளி உறிஞ்சும் மெஷின் கொண்டு வாறவைக்குப் பிளக் எட்டுற தூரத்தில இருக்கோணும், கரண்ட் போனா என்ன செய்யிறது எண்டும் முதல் நாளே கதைச்சு வையுங்கோ.

நேரம்: 40 நிமிஷம், 20 நிமிஷ இடைவேளை, திரும்ப 30 நிமிஷம். அதுக்கு மேல போனா அட்டாக்சியா உள்ளவரின்ர பேச்சு குழறும், மற்றவை அவர் விளங்காமக் கதைக்கிறார் எண்டு நினைப்பினம். மோட்டார் நியூரோனில இரவில மூச்சு ஆழமில்லாதவைக்கு விடியக்காலமையில தலையிடி இருக்கும், 8 மணிக்கு வரச் சொல்லக்கூடாது. ஆடி, ஆவணியில கச்சான் காத்து அடிக்கேக்க மத்தியானம் வேண்டவே வேண்டாம்.

தேத்தண்ணி, பிஸ்கட். இது சின்ன விஷயமில்லை. விழுங்கக் கஷ்டப்படுறவைக்குத் தண்ணித்தன்மையான பானம்தான் கூட ஆபத்து, மூச்சுக் குழாய்க்குள்ள போகும். பிஸ்கட் தூளும் அப்படித்தான். யார் எதை விழுங்கலாம் எண்டு முன்கூட்டியே வீட்டில கேட்டு, அவை வழமையா எடுக்கிற பதத்திலயே சாப்பாட்டை ஒழுங்கு செய்யுங்கோ.

பேச்சுப் போனவரிட்டக் கருத்துக் கேக்கிறதுக்குத் தமிழில ஒரு வசதி இருக்கு. 247 எழுத்தையும் அட்டையில எழுதினா ஒருத்தராலும் பாவிக்க ஏலாது. மெய்யெழுத்து 18ஐயும் வல்லினம், மெல்லினம், இடையினம் எண்டு மூண்டு வரிசையாப் போடுங்கோ, வரிசைக்கு ஆறு. கூட இருக்கிறவர் "வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" எண்டு வாசிக்க, அவர் கண்ணை மேல உயர்த்தி ஓம் சொல்லுவார். மோட்டார் நியூரோனில கண் அசைவு பெரும்பாலும் கடைசி மட்டும் நிக்கும். பிறகு அந்த வரிசையின்ர ஆறெழுத்து. பிறகு "குறிலா, நெடிலா?" எண்டு கேட்டு உயிரெழுத்து. உயிரில தொடங்கிற சொல்லுக்கும் வெறும் புள்ளியெழுத்துக்கும் தனித்தனிப் பெட்டி. ஸ, ஜ, ஷ, ஹ நாலாவது வரிசை. அது இல்லாட்டி கிண்ணியா, மூதூர் ஆக்களால தங்கட பேரையே எழுத ஏலாமப் போகும். அட்டையின்ர ஓரத்தில முழுச் சொல்லா: "கேள்வி விளங்கேல்லை", "நான் சொல்ல வந்தது அதில்லை", "சளி", "திருப்பிவிடுங்கோ", "நிப்பாட்டுங்கோ".

இப்பிடி ஒரு சொல்லுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல எடுக்கும். அதால கேள்விகளை மூண்டு நாலு நாளைக்கு முன்னமே வீட்டுக்கு அனுப்பி, அவர் அங்கேயே எழுதினதைக் கூட்டத்தில முதல் ஆளா வாசிக்கோணும். கடைசியா விட்டா "நேரமில்லை" எண்டு முடிஞ்சிடும். கூட இருக்கிறவர் சொல்லை ஊகிச்சு முடிக்கிறதெண்டா "இதுவா?" எண்டு கேட்டுத்தான் முடிக்கோணும்.

பராமரிக்கிறவையை அரை மணித்தியாலம் தனியா வையுங்கோ, அதுக்கு இன்னொரு நடத்துனர் வேணும். மகனுக்கு முன்னால எந்தத் தாயும் "எனக்கு ஏலாமக் கிடக்கு" எண்டு சொல்லமாட்டா. நோயாளியின்ர வாழ்க்கைத் தரத்தைப் பராமரிக்கிறவர் பெரும்பாலும் நோயாளி சொல்லுறதை விடக் குறைச்சுத்தான் மதிப்பிடுவார். ரெண்டு பதிலும் வேற வேற எண்டே பதிஞ்சு வையுங்கோ, சராசரி எடுக்காதீங்கோ.

உங்கட அளவுகோல்களைப் பற்றி: ஏ.எல்.எஸ்.எப்.ஆர்.எஸ்-ஆர் 12 கேள்வி, 48 புள்ளி. அதில ஒண்டு உணவை வெட்டுறது, கரண்டி, முள்ளுக்கரண்டி பிடிக்கிறது. இன்னொண்டு மாடிப்படி ஏறுறது. கையால சோறு குழைச்சுச் சாப்பிடுற, மாடி இல்லாத வீட்டில இருக்கிற ஆளிட்ட இதைக் கேட்டா, கேக்கிறவர் ஆளுக்கொரு மாதிரிப் புள்ளி போடுவார். அதுக்காக நீங்களாக் கேள்வியை மாத்தவும் கூடாது, மாத்தினா மற்ற நாட்டுத் தரவோட ஒப்பிட ஏலாது. மூலக் கேள்வியை விட்டுப்போட்டுப் பக்கத்தில தனிக் கேள்வியா வையுங்கோ: சோத்தைக் குழைச்சு உருட்டி வாய்க்குக் கொண்டுபோக முடியுதா, எத்தனை வாய்க்குப் பிறகு கை களைக்குது.

சாராவில 8 பகுதி, 40 புள்ளி. நடை, நிலை, இருப்பு, பேச்சு, கை கால் ஒருங்கிணைப்பு எல்லாம் இருக்கு. இரவில கிணத்தடிக்குப் போகேக்க விழுறது அதில இல்லை. விழுகையைத் தனியா எண்ணுங்கோ. ஆனா தினக்குறிப்புக் கொப்பி குடுக்காதீங்கோ, கொஞ்ச நாள்ல நிண்டிடும், பிறகு நீங்கள் வாறதுக்கு முதல் நாள் ராத்திரி ஒரே பேனையால முழுக் கொப்பியும் நிரம்பும். கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாள், ஒரே நேரம், 5 நிமிஷம் போன் எடுத்துக் கேக்கிறது நிண்டு பிடிக்கும்.

கிண்ணியாப்பாலம்

மேலே சொன்னவை சரி. சொற்களையும் அந்தரங்கத்தையும் பற்றி நான் கொஞ்சம்.

"நரம்பு" என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குது. "நரம்பில ஊசி" என்றால் எங்கட சனத்துக்கு ரத்தக் குழாயில போடுற ஊசி. "நரம்புத் தளர்ச்சி" என்றால் சுவர் விளம்பரத்தில வாற ஆண்மை வைத்தியம். தகவல் தாளின் தலைப்பில் "நரம்பு நோய் ஆராய்ச்சி" என்று போட்டால் கொஞ்சப் பேர் அதைக் கையில் வாங்கவே கூச்சப்படுவாங்க. "மூளையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு" என்று ஒரு தடவை விரித்து எழுதிவிட்டு, பிறகு நோயின் பெயரை மட்டும் பாவியுங்க. "ஆராய்ச்சி" என்றால் புது மருந்து வரும் என்று ஒரு எதிர்பார்ப்பும் வரும். "இந்த ஆய்வில் மருந்து எதுவும் தரப்படாது" என்ற வரி முதல் பந்தியிலேயே, தடித்த எழுத்தில் இருக்கவேணும்.

மொழிபெயர்த்த தாளை ஐந்து முதல் எட்டுப் பேரிடம் கொடுத்து, "இது என்ன கேட்குது? உங்கட சொல்லில சொல்லுங்க" என்று கேளுங்க. "விளங்குதா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்லுவாங்க.

இனி முக்கியமானது. 12, 13 வயதுப் பையனுக்குத் தன் நோயின் பெயரும் அது எப்படிப் போகும் என்பதும் தெரியாமலே இருக்கலாம். உங்கட தகவல் தாள்தான் அவனுக்கு முதல் செய்தி என்றால் அது பெரிய அநியாயம். பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கு, எந்தச் சொல்லால் என்று பெற்றோரிடம் தனியாகக் கேட்ட பிறகுதான் தாளை வீட்டுக்கு அனுப்பவேணும். தேவையென்றால் பிள்ளைக்கு வேறு தாள்.

டுஷேன் எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மரபணு மாற்றத்தைக் கடத்துபவர்கள், மற்ற மூன்றில் ஒரு பங்கில் அது பிள்ளையில் புதிதாக வந்தது. "தாய் வழி வரும்" என்று கூட்டத்தில் ஒருவர் வாய் தவறிச் சொன்னால் மாமியார் வீட்டில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அட்டாக்சியாவில் சில வகை ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்போடு வரும். சில வகைக்குத் தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வரவேணும், அது சொந்தத்தில் முடித்த வீடுகளில் கூடுதலாகத் தெரியும். கலியாணம் பேசுற வயதில் தங்கச்சி இருக்கிற வீட்டில் குடும்ப மரம் வரைகிற தாள் குண்டு மாதிரி. பெயரில்லாமல், குறியீட்டு எண்ணோடு வரைந்து, பூட்டின அலுமாரியில் வையுங்க. கூட்டத்தில் அதை வரையவே வேண்டாம்.

வட்ஸ்அப் குறூப் தொடங்காதீங்க. தொடங்கின நிமிஷமே யாருக்கு நோய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், நம்பரும் போய்விடும். புரோட்காஸ்ட் பட்டியல் பாவிக்கலாம். ஆனால் உங்கட நம்பரைப் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும், முதல் சந்திப்பிலேயே சேமிக்கச் சொல்லுங்க. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவு, மரபணுத் தரவு, பிள்ளைகளின் தரவு மூன்றையும் விசேட வகையில் வைத்திருக்கு. உங்கட திட்டம் மூன்றையும் தொடுது.

அறிக்கையில் "மூதூர், 14 வயது, டுஷேன்" என்று எழுதினால் பெயர் எழுதினது மாதிரித்தான், அப்படி ஊரில் ஒரு பிள்ளைதான் இருக்கும். "கிழக்கு மாகாணம், 10 முதல் 19 வயது" என்று விடுங்க.

நாள் பார்க்கிறது: வெள்ளிக்கிழமை வேண்டாம், நோன்பு மாதத்தில் வேண்டாம், போயா லீவில் பஸ் பார்த்துக்கொள்ளுங்க. கார்த்திகை, மார்கழி மழையில் வெருகல் பக்கத்து ஆட்கள் வருவது நிச்சயமில்லை. கந்தளாய், சேருவில சிங்களக் குடும்பங்களுக்கு வேறு கூட்டம் வையுங்க. பேச்சுக் குழறுறவர் இருக்கிற இடத்தில் மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் களைத்துப்போகும்.

சித்த வைத்தியம், எண்ணெய், கசாயம் எடுப்பதைப் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்பது என்று அந்த ஆறு பேரிடமே விடுங்க. "வேறு வைத்தியம் செய்தீங்களா?" என்று வெள்ளைக் கோட்டோடு கேட்டால் பதில் "இல்லை".

சீனக்குடா

எல்லாம் சரி, ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை. ஆறு பேர் சொல்வதை வைத்து 20 குடும்பத்தின் ஆய்வை மாற்றலாமா? கூட்டத்துக்கு வரப்போவது ரவுணுக்குக் கிட்ட இருக்கிற, போன் உள்ள, கதைக்கத் தெரிந்த ஆட்கள். குச்சவெளிக்கு அங்கால கடலுக்குப் போகிற தகப்பன் வரமாட்டார். அப்படியென்றால் இது இன்னொரு வகைச் சாய்வுதானே?

குளக்கோட்டன்

சாய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆறு பேர் மாதிரி எடுப்பு இல்லை. 20 குடும்பத்துக்கும் பதிலாக இவர்கள் பேசவில்லை, கேள்வி எங்கே பிழைக்கும் என்று காட்டுகிறார்கள். மாடிப்படிக் கேள்வி பொருந்தாது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அது பொருந்தாதுதான். எதை முதலில் அளப்பது என்ற மாதிரி விருப்பம் சம்பந்தப்பட்ட முடிவில் உங்கள் கேள்வி நியாயம். அதற்கு ஆறு பேரிடம் ஒரு பட்டியல் எடுத்து, வராதவர்களில் மூன்று நான்கு வீட்டுக்குப் போய் அதையே காட்டி, "இதில் எது தேவையில்லாதது, எது விடுபட்டது" என்று கேட்கவேணும். பிரித்தானியாவில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் ஆய்வு முன்னுரிமைகளை இந்தப் போக்கில்தான் எடுக்கிறது: முதலில் பரவலாகக் கேள்வி சேர்ப்பது, பிறகு சின்னக் குழுவாக இருந்து முதல் பத்தைத் தெரிவது. கடலுக்குப் போகிற தகப்பனைப் போயா கழிந்த மறுநாள் தேடாதீர்கள், கடல் கொந்தளிக்கிற நாளில் வீட்டில் இருப்பார்.

உவர்மலைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. நடை நின்ற பிள்ளைகளை உண்மையிலேயே விட்டுவிட்டோம், பி.யு.எல். சேர்க்கிறோம். இன்னும் இரண்டு. காசை எப்படிக் கணக்குப் போடுவது? அவர்கள் சொன்னதைக் கடைசியில் எங்கே, எப்படி எழுதுவது?

குளக்கோட்டன்

காசு: மூன்று கூட்டம், ஆறு வீடு என்றால் 18 பயணம். ஒவ்வொன்றுக்கும் போக வர ஓட்டோ அல்லது வான், அதோடு காத்திருப்புக் கூலி. சக்கர நாற்காலி மடியாதென்றால் ஓட்டோவில் ஏறாது, அதனால் வான் என்றே போடுங்கள். பராமரிப்பவர் தனியாக வருகிற நாளில் வீட்டில் மாற்றாள் 4 மணித்தியாலம். போன் டேட்டா. இதற்கு மேல் நேரத்துக்கான கொடுப்பனவு தனி வரி, அதைப் பயணச் செலவோடு கலக்காதீர்கள். பயணக் காசை வந்த அன்றே கையில் கொடுக்கவேணும். பற்றுச்சீட்டுக் கொண்டுவந்தால் பிறகு தருவோம் என்கிற முறையில் கூலி வேலைக் குடும்பம் ஒன்றும் வராது. கையெழுத்து வைக்க முடியாதவருக்குப் பெருவிரல் அடையாளமோ சாட்சிக் கையெழுத்தோ ஏற்பார்களா என்று கணக்குப் பிரிவிடம் கூட்டத்துக்கு முன்னமே எழுத்தில் வாங்குங்கள். கடைசி நேரத்தில் எல்லாம் இதில்தான் நிற்கும்.

எழுதுவது: முதல் நாளிலிருந்தே நாலு நிரல் கொண்ட ஒரு பதிவு. திகதி, சொன்னது, நாங்கள் மாற்றியது, மாற்றாவிட்டால் ஏன். பெயர் வேண்டாம், "ப1", "நோ2" போதும். கட்டுரைக்கு, நோயாளிகளின் பங்களிப்பை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும், 2017இல் வந்த கிரிப்2 பட்டியலின் குறும்படிவத்தில் 5 விடயம்தான்: நோக்கம், முறை, விளைவு, அதைப் பற்றிய கலந்துரையாடல், என்ன சரிவந்தது எது சரிவரவில்லை என்ற விமர்சனப் பார்வை. நாலு நிரல் இருந்தால் அரை நாளில் எழுதிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஆலோசகர்களில் யாராவது தன் பெயர் கட்டுரையில் வரவேணும் என்று கேட்டால், கிண்ணியாப்பாலம் சொன்ன தங்கச்சியின் கலியாண விஷயத்தை வீட்டாரோடு கதைத்த பிறகு போடுங்கள்.

பாலையூற்று

ஒண்டு விட்டுப்போச்சு. டுஷேன் பிள்ளைகள் ஸ்டீரொயிட் எடுக்கிறவை எண்டா கூட்ட நாளிலயும் வேளை தவறக்கூடாது, கையோட கொண்டுவரச் சொல்லுங்கோ. 6 நிமிட நடைக்குக் கூம்புக்குக் கூம்பு 25 மீற்றர் நேர்ப் பாதை வேணும். மண்டபத்தை எடுக்கேக்கையே அதையும் அளந்து பாருங்கோ.